மிதித்தது நான் இல்லை

தெருவே கூடி நின்று பார்க்க, என் வலது கால் தறி மிதித்தது. அம்மா அழுதாள். எதிர்வீட்டுக்காரர் கை தட்டினார். யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். அந்தக் கூட்டத்திலேயே சந்தோஷப்படாதவன் நான் ஒருவன்தான். ஏனென்றால் மிதித்தது நான் இல்லை.

இதைப் பல பேரிடம் பல விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள், பிறகு, "மனசுல தைரியம் இருந்தா எல்லாம் சரியாயிடும்" என்பார்கள். தைரியத்துக்கும் தண்டுவடத்துக்கும் என்ன உறவு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஆரணியில் பட்டு நெய்கிற குடும்பம் எங்களுடையது. வீட்டுக் கூடத்திலேயே குழித்தறி. தரையில் இடுப்பளவு பள்ளம், அதன் விளிம்பில் ஒரு பலகை, பலகையில் உட்கார்ந்து கால்களைப் பள்ளத்துக்குள் தொங்கவிட்டால் அடியில் இருக்கும் மிதிகட்டைகள் பாதத்துக்கு எட்டும். கட்டையை மிதித்தால் நீளவாக்கில் கட்டிய பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து வாய் திறக்கும், அதற்குள் குறுக்கு இழை ஓடும் நாடாவை எறிய வேண்டும். அப்பா முன்பே போய்விட்டார். அம்மா, நான், கல்யாணமாகி இரண்டு வருடமான என் மனைவி, அவ்வளவுதான் வீடு.

சேலையில் பூவேலை எடுக்கிற ஜக்கார்டு பெட்டி பழுதாகி, காஞ்சிபுரத்துக்கு ரிப்பேருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதைப் பஸ்ஸின் மேல் ஏற்றிக் கட்டிவிட்டுப் பின்பக்க ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த வண்டிக்கு இடம் விடுவதற்காக டிரைவர் பஸ்ஸை லேசாக முன்னே நகர்த்தினார். விழுந்த உயரம் ஓர் ஆள் உயரம்கூட இருக்காது. ஆனால் நடைமேடையின் விளிம்பில் விழுந்தேன், முதுகு அடிபட. முதுகில் வலி இருந்தது. கால்களில் ஒன்றுமே இல்லை. மரத்துப்போனது மாதிரியும் இல்லை. மரத்துப்போனால் மரத்திருக்கிறது என்றாவது தெரியும். பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் நல்ல மனதோடு என்னை மடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்தார்கள். விழுந்தபோதே கெட்டதா, தூக்கியபோது கெட்டதா என்று பிற்பாடு டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை.

பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் படமெடுத்து, உடைந்த எலும்பைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். எலும்பு சேர்ந்துவிடும், உள்ளே இருப்பது சேராது என்று டாக்டர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நின்று விவரமாகச் சொன்னவள் பிசியோதெரபி செய்ய வந்த பெண்தான். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். சிரிக்கவே மாட்டாள். அது எனக்குப் பிடித்திருந்தது. அந்த வார்டில் வேலை பார்த்த மற்ற எல்லாரும் நோயாளிகளான எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள், எரிச்சலாக வரும்.

அவள் பிளாஸ்டிக்கில் செய்த முதுகெலும்பு ஒன்றைக் கொண்டுவந்து என் வயிற்றின்மேல் வைத்தாள். எலும்புகளின் நடு ஓட்டை வழியே மஞ்சள் ரப்பர் கயிறு ஒன்று ஓடியது. அதுதான் தண்டுவடம். சுண்டுவிரல் பருமன்தான். மூளையின் அடியில் கிளம்பி இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. நான் அது வால் எலும்புவரை போகும் என்று நினைத்திருந்தேன். முடிந்த இடத்திலிருந்து நரம்புகள் மட்டும் குதிரை வாலைப் போலக் கற்றையாகத் தொங்கின. மேலிருந்து கீழ்வரை எலும்புகளுக்கு இடையிலிருந்து இடமும் வலமுமாக ஜோடி ஜோடியாக நரம்புகள் வெளியே வந்தன, மொத்தம் முப்பத்தொரு ஜோடி. ஒவ்வொரு நரம்பும் தண்டுவடத்தில் இரண்டு வேர்களால் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதுகுப் பக்கத்து வேர் வழியாகச் சேதி உள்ளே போகும்: சூடு, குத்தல், யாரோ தொட்டது. வயிற்றுப் பக்கத்து வேர் வழியாக உத்தரவு வெளியே வரும்: மடக்கு, நீட்டு, உதை.

"உங்களுக்கு இந்த இடத்துல நசுங்கியிருக்குண்ணா," என்று ரப்பர் கயிற்றின் நடுப்பகுதியை நகத்தால் அழுத்திக் காட்டினாள். "தொப்புளுக்குக் கீழ நடக்கற எதுவும் மேல போகாது. மூளை சொல்றது எதுவும் கீழ வராது."

"அறுந்த இழையை நாங்க விரல்ல சாம்பல் தொட்டு முறுக்கி ஒட்டிடுவோம்மா. முடிச்சுகூடத் தெரியாது. இதை அப்படி ஒட்ட முடியாதா?"

"இதுல எண்ண முடியாத அளவுக்கு இழை இருக்குண்ணா. ஒண்ணுகூட ஒட்டாது."

பிறகு ரப்பர் சுத்தியலை எடுத்து என் முழங்காலுக்குக் கீழே தட்டினாள். கால் கட்டை மாதிரிக் கிடந்தது. உள்ளங்காலில் சாவியால் கீறினாள். அதற்கும் அசைவில்லை. அடிபட்ட இடத்துக்குக் கீழே இருக்கிற தண்டுவடம் சாகவில்லை, அதிர்ச்சியில் கிடக்கிறது, சில வாரங்களில் விழித்துக்கொள்ளும் என்றாள்.

"முழிச்சுக்கினா?"

"கால் துள்ளும். தொட்டா மடங்கும், சில சமயம் தொடாமலே உதைக்கும். அப்ப வீட்ல எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. நீங்க படாதீங்க."

எனக்குப் புரியவில்லை. மூளையிலிருந்து உத்தரவு வராமல் கால் எப்படி ஆடும் என்று கேட்டேன். அவள் என்னைத் திருப்பிக் கேட்டாள்: "அடுப்புல பாத்திரம் சுட்டுச்சுன்னா கையை யார் எடுக்கறது?"

"நான்தான்."

"இல்ல. தண்டுவடமே எடுத்துடும். சூடுங்கற சேதி அங்க போனதும் அது மூளையைக் கேட்டுகிட்டு இருக்காது, அங்கயே கைக்கு உத்தரவு போட்டுடும். உங்களுக்கு அப்புறம்தான் தெரியவரும். 'ஐயோ'ன்னு கத்தறது மட்டும்தான் நீங்க."

இருபத்தெட்டு வருடம் நான் செய்ததாக நினைத்திருந்ததில் எவ்வளவு நான் செய்தது என்று அன்று மத்தியானம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா கஞ்சி வாங்கிக்கொண்டு திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அதில் "கால் துள்ளும்" என்பதை மட்டும் அவள் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இன்னொன்றும் அந்த ஆஸ்பத்திரியில் என் காதில் விழுந்தது. என் மனைவியின் அண்ணன் தேசூரில் மளிகைக்கடை வைத்திருந்தவர். கெட்ட மனிதர் கிடையாது. வராந்தாவில் நின்று அம்மாவிடம் மெதுவாகத்தான் பேசினார். "ஆடி வரைக்கும் பாக்கலாம்ங்க அத்தை. ஒரு வழியும் தெரியலன்னா தங்கச்சிய நான் இட்டுகினு போறேன். சின்னப் பொண்ணு. கொழந்தையும் இல்ல." எனக்கு அவர் மேல் கோபமும் வரவில்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து கால் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் இருப்பாளா போவாளா என்பதுதான் நாளும் பொழுதும் மண்டைக்குள் ஓடியது.

வீட்டுக்கு வந்தோம். கூடத்தில் தறிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டார்கள். பாதி நெய்த மாம்பழ நிறச் சேலை தறியிலேயே கிடந்தது. தெருவில் மற்ற வீடுகளில் தறி அடிக்கிற சத்தம் காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை ஓயாது. எங்கள் வீட்டில் மட்டும் அமைதி. புண் வராமல் இருக்க என்னை அடிக்கடி புரட்டிப் போட வேண்டும். மூத்திரத்துக்குக் குழாய். மலத்துக்கு அவள் கை. எங்கள் கல்யாணத்தில் மாலை மாற்றிக்கொண்டபோது தன் விரல் என்மேல் பட்டதற்கே வெட்கப்பட்டவள் அவள். இப்போது முகம் சுளிக்காமல் எல்லாம் செய்தாள், ஆனால் செய்யும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். நானும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

பார்க்க வந்தவர்கள் வாழைப்பழத்தோடு வந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம், "இன்னா சாப்டறான்?" "நல்லா தூங்கறானா?" என்று கேட்டார்கள். முதுகு உடைந்தால் வாயும் காதும் சேர்ந்து போய்விடும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ. நான் பதில் சொன்னால் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். கொஞ்ச நாளில் வருகிறவர்கள் குறைந்தார்கள், பிறகு நின்றே போனார்கள். வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை. அதுவும் கூடத்தின் நட்டநடுவில், எல்லாரும் நடந்து போகிற வழியில்.

ஒருநாள் காலை அவள் ஈரத்துணியால் என் உள்ளங்காலைத் துடைத்தாள். துணி குதிகாலிலிருந்து விரல் பக்கம் போனபோது வலது முழங்கால் சட்டென்று மடங்கி மேலே வந்தது. போர்வை கூடாரம் மாதிரித் தூக்கிக்கொண்டு நின்றது. அவள் கத்திவிட்டாள். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஆட்டினியாடா? இன்னொரு வாட்டி ஆட்டு!"

"நான் ஆட்டலம்மா. அதுவா ஆடுது. ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு சொல்லிச்சின்னு சொன்னேனே..."

"நீ ஆட்டாம அது எப்படிடா ஆடும்? ஒன் காலு, எதிர்வீட்டுக்காரன் வந்தா ஆட்டுவான்?"

அந்தக் கேள்விக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கற்ற பாடமெல்லாம் நிற்கவில்லை. அந்த எதிர்வீட்டுக்காரரே சத்தம் கேட்டு வந்துவிட்டார். அவரும் நெசவாளிதான். காலைத் தொட்டுப் பார்த்தார், அது மறுபடி மடங்கியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நெய்யறவன் காலும்மா. சின்ன வயசிலருந்து மிதிச்ச கால். எதை மறந்தாலும் மிதிய மறக்குமா? தறியில இறக்கிப் பாருங்க, ஞாபகம் வந்துடும்" என்றார்.

வேறு தொழில் செய்கிற தெருவில் யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. எங்கள் தெருவில் ஒருவருக்கும் இதில் சந்தேகம் வரவில்லை. நாலு பேர் என்னைத் தூக்கிப் போய்ப் பலகையில் உட்காரவைத்து, சாயாமல் இருக்க மார்பைச் சுற்றி வேட்டியால் தூணோடு கட்டினார்கள். ஒருவர் குழியில் இறங்கி என் பாதங்களை மிதிகட்டைகளின்மேல் வைத்தார். வலது பாதத்தின் முன்பகுதியைக் கட்டை கீழிருந்து எதிர்த்துத் தள்ளியது. உடனே குதிகால் மேலும் கீழுமாக டக்டக்கென்று அடிக்கத் தொடங்கியது. நிற்கவேயில்லை.

அது எப்படி நடக்கிறது என்று அந்த ஆஸ்பத்திரிப் பெண் சொல்லி எனக்குத் தெரியும். பாதம் மேல்நோக்கித் தள்ளப்பட்டால் கெண்டைக்கால் சதை இழுபடும். இழுபட்ட சேதி தண்டுவடத்துக்குப் போகும். சுருங்கு என்று அங்கிருந்தே உத்தரவு வரும். சதை சுருங்கிப் பாதம் கட்டையை அழுத்தும். சுருங்கியது தளர்ந்ததும் கட்டை மறுபடி தள்ளும், சதை மறுபடி இழுபடும். எல்லார் உடம்பிலும் இது இருக்கிறது. போதும் என்று மேலிருந்து மூளை அடக்கிவைப்பதால் வெளியே தெரிவதில்லை. என் காலை அடக்க மேலே ஆள் இல்லை. கால் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

நெசவு தெரிந்தவர்கள் பாவைப் பார்த்திருந்தாலே புரிந்திருக்கும். பாவு வாய் திறக்கவில்லை, நடுங்கத்தான் செய்தது. அதற்குள் ஒரு நாடாவும் போக முடியாது. ஆனால் அன்று யாரும் பாவைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார்கள். அம்மா தரையில் விழுந்து கும்பிட்டாள். நான் கீழே குனிந்து, என்னிடம் கேட்காமல் என் பெயரில் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்த அந்தக் காலைப் பார்த்தேன். அதன்மேல் எனக்கு வந்தது பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும்.

அதன்பிறகு தினமும் காலையில் என்னைத் தறியில் இறக்கினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மறுபடியும் பழத்தோடு வந்தார்கள். மரப்பலகையில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குப் புட்டத்தில் புண் வந்தது. வலி தெரியாததால் நான் அறியவில்லை, என் மனைவிதான் கண்டுபிடித்தாள். அவள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா பலகையில் ஒரு தலையணையைப் போட்டாள், நிறுத்தச் சம்மதிக்கவில்லை. தேசூருக்கும் ஆள் மூலம் சேதி போயிருந்தது: மாப்பிள்ளை தறி மிதிக்கிறார். ஆனியின் கடைசியில் மச்சான் நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

அவர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் அம்மா கடைக்குப் போயிருந்தாள். என் மனைவி கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து ராட்டையில் நாடாவுக்கான நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னேன்.

"அது நான் மிதிக்கறது இல்ல."

அவள் ராட்டையை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"நீங்க தூங்கிகினு இருக்கும்போது ஒரு நா உள்ளங்கால்ல விரல வெச்சிப் பாத்தேன். நீங்க கொறட்ட உட்டுகினு இருந்தீங்க. காலு மட்டும் மேல வந்துது."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரே விஷயத்தைத் தெரிந்துகொண்டு ஒரே கூடத்தில் இரண்டு பேர் தனித்தனியாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம். நாளைக்கு அண்ணனோடு போக வேண்டும் என்று இருக்கிறதா என்று கேட்டேன். அவள் இழை அறுந்ததைப் பார்த்து ராட்டையை நிறுத்தி, அதைச் சேர்த்துவிட்டு, "தெரியல" என்றாள். பொய் சொல்லாத ஒரே ஆள் அந்த வீட்டில் அவள்தான்.

மறுநாள் மச்சான் வந்தார். அம்மா என்னைத் தறியில் உட்காரவைக்கும்போதே காதோடு, "வாயத் தொறக்காத. ஒன் பொழப்பு இதுலதான் இருக்குது" என்றாள். பாதத்தைக் கட்டையில் வைத்தார்கள். கால் அன்று என்றுமில்லாத வேகத்தில் அடித்தது. மச்சான் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டார். "போதும் மாப்ள, இது போதும். இனிமே ஜல்தியா எழுந்துடுவீங்க. நான் தைரியமா வூட்டுக்குப் போறேன்" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என் மனைவி கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சும்மா இருந்திருந்தால் அவள் இருந்திருப்பாள். இதை நான் தெரிந்தேதான் செய்தேன். தியாகம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பாதிக்கு மேல் கோபம். செய்யாத வேலைக்குப் பாராட்டு வாங்கி வாங்கி அலுத்துப்போயிருந்தது. மீதி ஆசை. உண்மை எல்லாருக்கும் தெரிந்த பிறகும் அவள் இருப்பேன் என்று சொல்ல வேண்டும், காலுக்காக இல்லாமல் எனக்காகச் சொல்ல வேண்டும். அதை ஒரு தடவை காதால் கேட்க வேண்டும் என்று இருந்தது.

"மச்சான், தோள்ல இருக்கற துண்டால என் கண்ணைக் கட்டுங்க" என்றேன்.

"இன்னாடா பேஜார் பண்ற, கம்முனு இரு!" என்று அம்மா அதட்டினாள். அவர் குழப்பத்தோடு கட்டினார்.

"குழியில எறங்கி என் பாதத்தைக் கட்டையிலருந்து எடுத்து ஒங்க கையில புடிங்க. அழுத்துங்க, உடுங்க, ஒங்க இஷ்டம். காலு ஆடுதா நிக்குதான்னு நான் சொல்றேன்."

அவர் இறங்குவது கேட்டது. துண்டில் மிளகாய் மூட்டையின் நெடி அடித்தது.

"இப்ப மாப்ள?" என்றார் கீழேயிருந்து.

"நிக்குது."

யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"இப்ப?"

"ஆடுது."

அவர் அடுத்துக் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. "எனக்குத் தெரியல மச்சான். எனக்குத் தெரியவே தெரியாது. நீங்க துண்டை அவுத்துடுங்க" என்றேன். அவர் அவிழ்க்கவில்லை, என் கையாலேயே மேலே தள்ளிவிட்டுக்கொண்டேன். அவர் குழிக்குள் என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தார். நான் ஆடுது என்று சொன்ன கால் அசையாமல் இருந்தது. அம்மா என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அது எனக்கு நன்றாக வலித்தது.

மச்சான் மேலே ஏறி வந்து, முகம் கழுவிக்கொண்டு, தங்கையைப் பார்த்து, "நீயே சொல்லும்மா" என்றார். அவள் நெடுநேரம் பேசவில்லை. அந்த நேரம் முழுக்க நான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம், "வரேண்ணா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவளுக்கு இருபத்திரண்டு வயது. சில வருடங்கள் கழித்து அவளுக்கு வேறு கல்யாணம் நடந்தது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் அது பொய். மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

நான் பிழைத்துக்கொண்டேன். சக்கர நாற்காலி வந்தது. ஜக்கார்டில் மாட்டுகிற டிசைன் அட்டையில் துளை குத்துகிற வேலையைப் பழகினேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்த வேலை கம்ப்யூட்டருக்குப் போனது. நானும் அதன் பின்னாலேயே போய் டிசைன் போடக் கற்றுக்கொண்டேன். உட்கார்ந்தே செய்கிற வேலை எதுவானாலும் என்னோடு போட்டி போட ஆரணியில் ஆள் கிடையாது. அம்மா கடைசிவரை, "வாய வெச்சிகினு சும்மா இருந்திருந்தா நீ நடந்திருப்பே" என்றே சொல்லிக்கொண்டிருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். இப்போது வீட்டில் நானும் என் கால்களும்தான். ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் வாழ்கிற அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறோம். நாற்காலி வாசற்படியில் இடித்தால் அவை துள்ளும். அடிவயிற்றில் விரலால் தட்டினால் மூத்திரம் இறங்கும். அதுவும் தண்டுவடத்தின் தயவு, குழாய் இல்லாமல் காலம் ஓடுகிறது. லுங்கி மாற்றும்போது தொடையைத் தொட்டு முழங்காலை மடங்கவைத்துக்கொள்ளவும் பழகிவிட்டேன். சில நாள் சாயங்காலம் வேறு யாருடைய குரலும் இல்லாதபோது, கால் உதைத்தால், "இன்னாடா?" என்று கேட்டுவிடுகிறேன்.

அவள் கிளம்பிய காலையை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சி ஒன்று உண்டு. குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை மெதுவாக மேல்நோக்கித் தள்ளிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கணுக்கால் இறுகிப்போகும். தினமும் குளித்ததும் அவள்தான் செய்வாள். அன்றும் குளித்து, ஊருக்குப் போகிற புடவை கட்டிக்கொண்டு, பை வாசலில் இருக்க, வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். மச்சான் வெளியே ஆட்டோக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை.

அவள் வலது பாதத்தை எடுத்துத் தள்ளிப் பிடித்தாள். அது அவள் உள்ளங்கையில் அடிக்கத் தொடங்கியது. எப்போதும் அப்படி அடித்தால் கையைத் தளர்த்திவிடுவாள், நின்றுவிடும். அன்று விடவில்லை. அடிக்க அடிக்க இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் வளையல்கள் அந்தத் துடிப்புக்கு ஏற்பக் குலுங்கின. நான் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததால்தான் அவள் பிடித்திருந்தது எனக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பது குறைந்து, பாதம் அவள் கைக்குள் அடங்கியது.

பல மாதங்களுக்குப் பிறகு அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நான் புடிச்சிகினு இருக்கறது தெரியுதா?" என்று கேட்டாள்.

"தெரியுது" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பாதத்தை மெத்தையில் வைத்து, போர்வையை இழுத்து இரண்டு கால்களையும் மூடினாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டாள்.